பாசாவ் டு வியன்னா: டான்யூப் ஆத்தோரமா நண்பர்களோட ஒரு வாரம் சைக்கிள்ல போறது எப்படி

முதல் தடவையா பல நாள் சைக்கிள் பயணம் போகணும், அதுவும் நண்பர்கள் கூட்டமா போகணும்னு யார் கேட்டாலும் நான் சொல்ற ரூட் ஒண்ணுதான். ஜெர்மனியில பாசாவ்லேருந்து கிளம்பி டான்யூப் ஆத்தைப் புடிச்சுக்கிட்டே ஆஸ்திரியால வியன்னா வரைக்கும் போறது. சுத்தி வளைச்சு சுமார் 320 கிலோமீட்டர் வரும். அட்லாண்டிக் கடல்லேருந்து கருங்கடல் வரைக்கும் போற யூரோவெலோ 6ங்கிற பெரிய சைக்கிள் பாதையோட ஒரு துண்டு இது, ஆனா அந்த முழு நீளத்துலயே புதுசா வர்றவங்களுக்கு இவ்வளவு வசதியான துண்டு இன்னொண்ணு இருக்கான்னா எனக்குத் தோணல.

ஏன்னா ஆத்தோரமா போறதுல ஒரு பெரிய நிம்மதி, மலை ஏறவே வேண்டாம். பாசாவ்லேருந்து வியன்னா வரைக்கும் ஆறு மொத்தமா 150 மீட்டருக்கும் கம்மியாதான் இறங்குது, அதாவது 300 கிலோமீட்டருக்கு மேல ஓட்டியும் தரை கிட்டத்தட்ட சமம்தான். அதனால "இறக்கமாச்சே, சும்மா உருண்டு போயிடலாம்"னு நினைக்காதீங்க, மிதிக்கத்தான் வேணும். உண்மையில உங்களைத் தள்ளுறதும் இழுக்கிறதும் காத்துதான். இந்தப் பக்கம் காத்து பெரும்பாலும் மேற்குலேருந்து கிழக்கா அடிக்கும், நாமளும் மேற்குலேருந்து கிழக்காதான் போறோம், அதனால இந்த ரூட்டை பாசாவ்ல ஆரம்பிச்சு வியன்னால முடிக்கிறதுதான் சரி. திருப்பி ஓட்டாதீங்க.

முதல்ல கூட்டத்தைப் பாருங்க, அப்புறம் மேப்

எல்லாரும் பண்றது என்னன்னா, மேப்பைத் திறந்து 320ஐ 4ஆல வகுத்து "ஒரு நாளைக்கு 80, ஈஸி"ன்னு முடிவு பண்ணிடுறாங்க. தனி ஆளா, பழக்கம் உள்ளவங்க போனா 80 ஒண்ணும் பெருசில்ல. கூட்டமா போனா கணக்கே வேற. சமதரையில, லக்கேஜோட, பழக்கமில்லாதவங்க வேகம் மணிக்கு 13, 14 கிலோமீட்டர்தான். அந்த வேகத்துல 45 கிலோமீட்டருக்கு மூணேகால் மணி நேரம் மிதிக்கணும், அதோட ஒருத்தருக்குத் தண்ணி, ஒருத்தருக்கு டாய்லெட், ஒருத்தர் ஜாக்கெட்டைக் கழட்டணும், ஒருத்தர் போட்டோ எடுக்கணும், ஒரு ஃபெர்ரிக்குக் காத்திருக்கணும், மத்தியானச் சாப்பாடு ஒரு மணி நேரம், இதெல்லாம் சேர்த்தா காலைல ஒன்பதரைக்குக் கிளம்பினவங்க ரூமுக்குப் போய்ச் சேர அஞ்சு மணி ஆயிடும். இதே 80ன்னா ராத்திரி ஆயிடும், அதுக்கு மேல யாருக்கும் யார்கிட்டயும் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

அதனால என் கணக்கு இது: ஒரு நாளைக்கு 40லேருந்து 50, ரொம்பப் போனா 60. ஏழு நாள் ஓட்டுறது. லீவு அவ்வளவு இல்லைன்னா தூரத்தைக் குறைங்க, ஒரு நாளோட அளவை ஏத்தாதீங்க. வழியில இருக்கிற லின்ஸ் நகரத்துலேருந்து ஆரம்பிச்சா 230 கிட்டதான் வரும், அதுக்கும் அப்புறம் வர்ற மெல்க்லேருந்து ஆரம்பிச்சா மூணு நாள் போதும். அதுவும் முழுமையான பயணம்தான், இந்த ஆத்தோட அழகான பகுதி அதுக்குள்ள வந்துடுது.

ஆளுங்க எண்ணிக்கை நாலுலேருந்து ஆறு வரைக்கும் இருந்தா நல்லது. அதுக்கு மேல போனா ரூம் கிடைக்கிறது கஷ்டம், ஓட்டல்ல டேபிள் கிடைக்கிறது கஷ்டம், ரயில்ல சைக்கிளுக்கு இடம் கிடைக்கிறது அதவிடக் கஷ்டம். யார் யார் வர்றாங்கன்னு முடிவானதும் ஒரு தடவை எல்லாரும் உக்காந்து மனசு விட்டுப் பேசிடுங்க. ஒருத்தருக்கு வேகமா ஓட்டணும், ஒருத்தருக்கு எல்லா சர்ச்சுக்குள்ளயும் போய்ப் பாக்கணும், ஒருத்தருக்கு மூணு மணிக்கே ரூம் வேணும், இதுல எதுவுமே தப்பில்ல, ஆனா கிளம்பினதுக்கு அப்புறம் தெரியவந்தா சண்டைதான். மெதுவா ஓட்டுற ஆள் யாரோ அவரோட வேகம்தான் குழுவோட வேகம், இதை முன்னாடியே எல்லார் முன்னாலயும் சொல்லிடணும், அப்போதான் அந்த ஆள் ஒவ்வொரு தடவையும் "ஸாரி ஸாரி"ன்னு சொல்லிக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்காது.

ரொம்பவே தெம்பு கம்மியா இருக்கிற ஒருத்தர் இருந்தா அவருக்கு மட்டும் எலக்ட்ரிக் சைக்கிள் எடுத்துக் குடுங்க. மோட்டார் மணிக்கு 25 கிலோமீட்டர் வரைக்கும்தான் உதவும், அதுக்கு மேல நம்ம கால்தான். கவனிக்க வேண்டியது அதோட எடை, 25 கிலோ கிட்ட இருக்கும், படிக்கட்டுல தூக்கணும்னா ரெண்டு பேர் வேணும். ராத்திரி பேட்டரியைக் கழட்டி எங்க சார்ஜ் போடணும்னு போன உடனே ரூம்ல கேட்டு வச்சுக்கோங்க.

எப்போ போகலாம்

மே கடைசிலேருந்து செப்டம்பர் வரைக்கும். எனக்குப் புடிச்சது ஜூன், வெளிச்சம் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இருக்கும், அதனால லேட்டானாலும் பயமில்ல. மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவுல வர்ற வாகாவ் பள்ளத்தாக்குல ஜூலைல ஆப்ரிகாட் பழம், செப்டம்பர்ல திராட்சை அறுவடை, ரெண்டு சீசன்லயும் அந்த ஊருங்கள்ல கூட்டம் இருக்கும். ஆத்தைக் கடக்கிற சின்ன ஃபெர்ரிங்க குளிர்காலத்துல ஓடாது, ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் நேரத்தைப் பாத்துட்டுதான் நம்பணும்.

வெள்ளத்தை லேசா எடுத்துக்காதீங்க. பாதை ஆத்துக்குப் பக்கத்துலயே போறதால தண்ணி ஏறினா முதல்ல மூழ்குறது சைக்கிள் பாதைதான். 2013 ஜூன்ல பாசாவ்ல தண்ணி 12.89 மீட்டர் வரைக்கும் வந்துச்சு, அந்த ஊர் பழைய டவுன்ஹால் கோபுரத்துச் சுவத்துல எந்த வருஷம் எவ்வளவு உயரம்னு கோடு போட்டு வச்சிருக்காங்க, 1501லேருந்து. கிளம்புற அன்னைக்கு அந்தச் சுவத்து முன்னாடி நின்னு அண்ணாந்து பாருங்க, ஆத்து மேல ஒரு மரியாதை தானா வரும். 2024 செப்டம்பர்லயும் கீழ் ஆஸ்திரியாங்கிற மாநிலத்துல பெரிய வெள்ளம் வந்துச்சு. கிளம்புறதுக்கு முந்தின வாரம் பாதை எங்கயாவது மூடியிருக்கான்னு பாருங்க, "உம்லைட்டுங்"னு போர்டு பாத்தா அது மாத்துப்பாதை, பேசாம அது சொல்ற வழியிலயே போங்க. குறுக்கால போலாம்னு தடுப்பைத் தாண்டிப் போறதெல்லாம் வேண்டாம்.

விசா, பணம், ரூம்

ரெண்டு நாடும் ஷெங்கன்ங்கிற ஐரோப்பியப் பொது விசாக் கூட்டமைப்புல இருக்கிறதால ஒரே விசா போதும். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், இந்தப் பயணத்துல அது ஆஸ்திரியா, பாசாவ்ல ஒரு ராத்திரிதான். டிராவல் இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும், அதுல சைக்கிள் ஓட்டும்போது அடிபட்டா கவர் ஆகுமான்னு படிச்சுப் பாத்துட்டு வாங்குங்க. மியூனிக்ல இறங்கினா அங்கேருந்து பாசாவுக்கு ரயில்ல ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

ரூம் விஷயத்துல தனி ஆளா போறவங்க அன்னன்னைக்குத் தேடிக்கலாம். அஞ்சு பேருக்கு அது வேலைக்காகாது, முன்னாடியே புக் பண்ணிடுங்க, முக்கியமா வாகாவ்ல சனி ஞாயிறு விழுந்தா. கிராமத்துல "காஸ்ட்ஹோஃப்"னு இருக்கிறது சாப்பாட்டுக் கடையும் ரூமும் சேர்ந்த இடம், "ட்ஸிம்மர் ஃப்ரை"ன்னு போர்டு தொங்குனா வீட்டுல ரூம் காலியா இருக்குன்னு அர்த்தம். புக் பண்ணும்போது சைக்கிளைப் பூட்டி வைக்க உள்ள இடம் இருக்கா, ஈரத்துணி காய வைக்க இடம் இருக்கா, ரெண்டையும் கேளுங்க. கார்டு எல்லா இடத்துலயும் எடுக்க மாட்டாங்க, சின்ன ஃபெர்ரிக்கும் கிராமத்துக் கடைக்கும் சில்லறையா யூரோ நோட்டு கையில இருக்கணும். கூட்டத்துக்குப் பொதுவா ஒரு பர்ஸ், ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டுட்டு காபி, ஃபெர்ரி, தண்ணி எல்லாம் அதுலேருந்து குடுத்துடுங்க. தினமும் ராத்திரி உக்காந்து அரை யூரோ கணக்குப் பாக்கிற கொடுமை இருக்காது.

சைக்கிள்

வாடகைக்கு எடுங்க. ஊர்லேருந்து பெட்டியில கட்டி விமானத்துல கொண்டு போறதெல்லாம் முதல் தடவைக்குத் தேவையில்ல. பாசாவ்ல எடுத்து வியன்னால விட்டுடுற மாதிரி வாடகைக்குத் தர்றாங்க, அதைத்தான் கேக்கணும். உங்க உயரத்தை சென்டிமீட்டர்ல சொல்லி முன்பதிவு பண்ணுங்க. டயர் 37லேருந்து 42 மில்லிமீட்டர் அகலம் இருந்தா தார் ரோட்டுக்கும் அங்கங்க வர்ற சரளைப் பாதைக்கும் சரியா இருக்கும். மெலிசான ரேஸ் டயர் வேண்டாம், மலையில ஓட்டுற தடித்த டயரும் வேண்டாம்.

இப்போ நான் சொல்றதை தயவுசெஞ்சு கவனமாக் கேளுங்க, நம்ம ஆளுங்க விழுறது இங்கதான். ஜெர்மனி, ஆஸ்திரியால வாடகை சைக்கிள் சிலதுல பின்னாடி மிதிச்சா பிரேக் புடிக்கும். நாம சிக்னல்ல நிக்கும்போது பெடலைச் சும்மா பின்பக்கமா சுத்திப் பழகினவங்க, இங்க அப்படிச் சுத்தினா வண்டி டக்குன்னு நின்னுடும். வேண்டாம்னா முன்பதிவு பண்ணும்போதே சொல்லிடுங்க, அது இல்லாத வண்டியும் இருக்கு. இன்னொண்ணு, கையில இருக்கிற பிரேக்ல இடது பக்கம் இருக்கிறது பெரும்பாலும் முன்சக்கரத்தோடது, பல பேருக்குப் பழகினதுக்கு நேர் எதிர். வண்டியை வாங்கின உடனே கடை வாசல்லயே பத்து நிமிஷம் மெதுவா ஓட்டி, ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியாப் புடிச்சுப் பாத்து, கை பழகினதுக்கு அப்புறம் ரோட்டுக்கு வாங்க.

சீட் உயரம் வைக்கிறது சுலபம். சீட்டுல உக்காந்து குதிகாலைப் பெடல்ல வைங்க, பெடல் அடியில இருக்கும்போது கால் நேரா நீளணும், அவ்வளவுதான். அப்புறம் வழக்கமா ஓட்டுற மாதிரி பாதத்தோட முன்பகுதியை வச்சா முட்டி லேசா மடங்கி இருக்கும். தரையில கால் ஊனணும்னு சீட்டை ரொம்ப இறக்கி வச்சா மூணாவது நாள் முட்டி வலி வந்துடும். கியரை லேசா வச்சு கால் வேகமா சுத்துற மாதிரி ஓட்டுங்க, நிமிஷத்துக்கு 70லேருந்து 80 சுத்து. கனமான கியர்ல அழுத்தி அழுத்தி மிதிக்கிறவங்க முதல் நாள் முன்னாடி போவாங்க, நாலாவது நாள் பின்னாடி வருவாங்க.

கால் பழகுற மாதிரியே சீட்டுல உக்கார்ற பின்பக்கமும் பழகணும். கிளம்புறதுக்கு ஆறு வாரம் முன்னாடிலேருந்து வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் ஓட்டுங்க, அதுல முக்கியமானது தூரம் இல்ல, அடுத்தடுத்து ரெண்டு நாள் ஓட்டுறதுதான். சனிக்கிழமை 30 ஓட்டிட்டு ஞாயித்துக்கிழமை மறுபடி சீட்டுல உக்காரும்போது தெரியுற வலிதான் பயணத்துல தினமும் காலைல இருக்கும், அதுக்கு உடம்பு பழகிடணும். பேட் வச்ச சைக்கிள் ஷார்ட்ஸ் ரெண்டு வாங்கிடுங்க, அதுக்கு உள்ள ஜட்டி போடக்கூடாது, தையல் உரசித்தான் புண்ணே வருது. தினமும் ராத்திரி துவைச்சிடணும்.

என்ன எடுத்துட்டுப் போகணும்

ரெண்டு வழி இருக்கு. காசு குடுத்தா பெட்டியை தினமும் ஒரு ரூம்லேருந்து அடுத்த ரூமுக்கு வண்டியில கொண்டு போய் வச்சிடுவாங்க, நீங்க ஒரு சின்ன பையோட ஓட்டலாம். முதல் தடவைக்கு இது நல்ல செலவு. இல்ல நாமளே தூக்கிடலாம்னா பின் கேரியர்ல ரெண்டு பக்கமும் மாட்டுற தண்ணி புகாத பை, ஆளுக்கு மொத்தம் 10 கிலோவுக்குள்ள. ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கணும், கனமானது அடியில. முதுகுல பை மாட்டி ஓட்டாதீங்க, வேர்வையும் கழுத்து வலியும்தான் மிச்சம்.

ஓட்டுற துணி ரெண்டு செட், சாயங்காலத்துக்கு ஒரு செட், மழை ஜாக்கெட், மெல்லிசா ஒரு கம்பளிச் சட்டை, ஏன்னா ஜூலைலயும் ஆத்தோரம் காலைல குளிரும். ஹெல்மெட், விரல் மரத்துப் போகாம இருக்க கையுறை, கண்ணாடி, சன்ஸ்க்ரீன், முன் பின் லைட். மருந்து டப்பா. அவ்வளவு போதும், மத்ததெல்லாம் லின்ஸ்ல கடையில கிடைக்கும்.

ரிப்பேர் சாமான் ஆளாளுக்கு வேண்டாம், குழுவுக்கு ஒரு செட்: உங்க டயர் அளவுக்கு டியூப் ரெண்டு, டயர் கழட்டுற லீவர், பஞ்சர் ஒட்டுற செட், பம்ப், ஆலன் கீ செட், செயின் எண்ணெய். டயர் பக்கவாட்டுல 37-622ன்னு ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், அந்த நம்பரைப் பாத்து டியூப் வாங்குனா தப்பாது. வால்வு மெல்லிசா, கார் மாதிரி தடிப்பான்னு ரெண்டு மூணு வகை இருக்கு, எல்லார் வண்டியும் ஒரே வகையா இருக்கான்னு பாசாவ்லயே பாத்து, பம்ப் பொருந்துதான்னு அடிச்சும் பாத்துடுங்க. பஞ்சர் ஆனா புது டியூபைப் போடுறதுக்கு முன்னாடி டயருக்குள்ள விரலை மெதுவா ஓட்டி முள்ளோ கண்ணாடியோ இருக்கான்னு தேடி எடுக்கணும், இல்லைன்னா அஞ்சு நிமிஷத்துல அடுத்த டியூபும் போயிடும். இந்தச் செட்டை கடைசியா வர்ற ஆள்கிட்டதான் குடுக்கணும், முன்னாடி போறவர் பையில இருந்தா பின்னாடி பஞ்சர் ஆனவர் ரோட்டோரம் உக்காந்திருக்க வேண்டியதுதான்.

இப்போ பாதை, நாள் நாளா

நாள் 1, பாசாவ்லேருந்து ஷ்லோகென், 45 கிட்ட. டான்யூப், இன், இல்ஸ்னு மூணு ஆறு பாசாவ்ல கூடுது, மூணுக்கும் மூணு நிறம், ஊரோட முனையில போய் நின்னு பாத்துட்டுக் கிளம்புங்க. ரெண்டு கரையிலயும் பாதை இருக்கு. இந்த இடத்துல எனக்கு இடது கரைதான், கார் சத்தம் கம்மி, ரெண்டு பக்கமும் காடு. (இடது வலதுன்னு சொல்றது ஆறு ஓடுற திசையைப் பாத்து நின்னு.) ஷ்லோகென்ல ஆறு அப்படியே திரும்பி வளைஞ்சு போகுது, அந்த வளைவுல இடது கரைப் பாதை நின்னுடும், ஃபெர்ரியிலதான் போகணும், அதனால கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்குன்னு காலைலயே தெரிஞ்சிருக்கணும். சாயங்காலம் வண்டியை வச்சுட்டு மேட்டுல அரை மணி நேரம் நடந்து ஏறினா வளைவு முழுசாத் தெரியும், கால் வலிச்சாலும் ஏறுங்க.

நாள் 2, லின்ஸ் வரைக்கும், 50 கிட்ட. பாதி வழிக்கு மேல பள்ளத்தாக்கு விரிஞ்சு வயல்வெளி ஆயிடும். வில்ஹெரிங் மடத்துச் சர்ச் உள்ள போய்ப் பாருங்க, வெளியேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, உள்ள அவ்வளவு அலங்காரம். லின்ஸ்ல டிராம் ஓடுது, டிராம் தண்டவாளத்தை எப்பவும் குறுக்கா, நேரா வெட்டிக் கடக்கணும், சாய்ச்சுப் போனா சக்கரம் பள்ளத்துல மாட்டி ஆளைத் தூக்கிப் போட்டுடும். மழைன்னா இறங்கித் தள்ளிட்டுப் போயிடுங்க. வியன்னாலயும் இதே.

நாள் 3, லின்ஸ்லேருந்து கிரைன், 60 கிட்ட. இதுதான் நீளமான நாள், வழியில மௌத்ஹௌசென். 1938லேருந்து 1945 வரைக்கும் நாஜி வதை முகாம் இருந்த இடம், இப்போ நினைவிடம். ஊர்லேருந்து மேட்டுல இருக்கு, ஏத்தம் செங்குத்து, ரெண்டு மூணு மணி நேரமாவது வேணும். போறதா இருந்தா இந்த நாளை ரெண்டாப் பிரிச்சு மௌத்ஹௌசென்லயோ பக்கத்துல என்ஸ்லயோ தங்கிடுங்க. பாத்துட்டு வந்த உடனே 40 கிலோமீட்டர் ஓட்ட மனசு வராது, அவசரமா பாக்கிற இடமும் இல்ல அது. எல்லாருக்கும் போக விருப்பம் இருக்கணும்னும் இல்ல, வேணாங்கிறவங்க கீழ ஆத்தோரம் இருக்கட்டும்.

நாள் 4, கிரைன்லேருந்து மெல்க், 50. கிரைனுக்கு அப்புறம் ஆறு குறுகி மலைக்கு நடுவுல போகும், அந்தக் காலத்துல படகுக்காரங்க உயிரைக் கையில புடிச்சுட்டுப் போன சுழல் இருந்த இடம் இது. இப்போ பாறையை வெடிச்சு எடுத்து, அணையும் கட்டினதால சாதுவா இருக்கு. இப்ஸ்-பெர்சென்பாய்க்ல இருக்கிற நீர்மின் நிலையத்து மேலேயே சைக்கிள்ல கரை மாறலாம், இப்படி அணை மேல கடக்கிறது இந்த ரூட்ல இன்னும் பல இடத்துல உண்டு. மெல்க்குக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள போற மாதிரி பாத்துக்கோங்க, மேட்டு மேல மஞ்சளா நிக்கிற அந்தப் பெரிய மடத்தைப் பாக்க நேரம் வேணும். 1702ல கட்ட ஆரம்பிச்ச கட்டடம், உள்ள இருக்கிற நூலகத்துக்காகவே போகலாம்.

நாள் 5, மெல்க்லேருந்து கிரெம்ஸ், 40க்குள்ள. இதுதான் வாகாவ், 2000லேருந்து யுனெஸ்கோ பாரம்பரிய இடம், மொத்தப் பயணத்தையும் இந்த ஒரு நாளுக்காகப் பண்ணலாம். தூரம் கம்மின்னு வேகமா முடிச்சுட்டு "மத்தியானமே கிரெம்ஸ் வந்துட்டோம், அடுத்த ஊர் போயிடலாமா"ன்னு யாராவது கேட்டா விடாதீங்க. இடது கரையில வில்லென்டார்ஃப், ஸ்பிட்ஸ், வைசென்கிர்ஹென், டூர்ன்ஷ்டைன்னு வரிசையா ஊரு, மேல கல்லடுக்கி அடுக்கடுக்கா திராட்சைத் தோட்டம். வில்லென்டார்ஃப்லதான் 1908ல வீனஸ்னு சொல்ற சின்னக் கற்காலப் பெண் சிலையைத் தோண்டி எடுத்தாங்க, 11 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட 30,000 வருஷப் பழசு, ஒரிஜினலை வியன்னா இயற்கை வரலாற்று மியூசியத்துல கடைசில பாத்துக்கலாம். டூர்ன்ஷ்டைன் மேட்டுல இடிஞ்சு நிக்கிற கோட்டையிலதான் இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை 1192ல அடைச்சு வச்சாங்க. கப்பல்ல வர்ற கூட்டம் இந்த ஊருக்குள்ள மத்தியானம் நிறைய இருக்கும், சைக்கிளைத் தள்ளிட்டுப் போங்க.

வலது கரை அமைதி, சமதளம், கூட்டமே இல்ல. என் யோசனை, ஸ்பிட்ஸ் வரைக்கும் இடது கரை, அங்க ஃபெர்ரியில வலது கரைக்குப் போய் கொஞ்ச தூரம் ஆப்ரிகாட் தோட்டம் நடுவுல ஓட்டிட்டு, வைசென்கிர்ஹென்ல மறுபடி ஃபெர்ரியில திரும்பி வாங்க. இந்த ரெண்டு ஃபெர்ரிக்கும் எஞ்சின் கிடையாது. மேல கட்டியிருக்கிற கம்பியில மாட்டி, படகைக் கொஞ்சம் சாய்ச்சுப் புடிச்சா ஆத்து ஓட்டமே தள்ளிக்கிட்டுப் போய் அக்கரை சேர்த்துடும். சத்தமே இருக்காது, அதுல நின்னுட்டு ரெண்டு பக்கமும் பாக்கிற அஞ்சு நிமிஷத்துக்கு நான் வேற எதையும் ஈடா சொல்ல மாட்டேன்.

நாள் 6, கிரெம்ஸ்லேருந்து டுல்ன், 45. நேர்ப்பாதை, கரை மேலயே போகும், நிழல் கம்மி, எதிர்க்காத்து வந்தா இங்கதான் தெரியும். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வரிசையா ஓட்டி, முன்னாடி இருக்கிறவர் களைச்சதும் மாத்திக்கிட்டே போங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்கு உழைப்பு நல்லாவே குறையும். வலது கரையில ஸ்வென்டென்டார்ஃப் அணுமின் நிலையம் தெரியும். முழுசாக் கட்டி முடிச்சு, 1978ல நடந்த வாக்கெடுப்புல மக்கள் வேண்டாம்னு சொன்னதால ஒரு நாள்கூட ஓடாத நிலையம்.

நாள் 7, டுல்ன்லேருந்து வியன்னா, 40 கிட்ட. க்ளோஸ்டர்நாய்பர்க் தாண்டி டான்யூப் கால்வாயோரமா போனா ஊர் நடுவுக்கே பாதை கொண்டு போய் விடும், பெரிய ரோடுல சிக்க வேண்டியதில்ல.

வழியில கரையோரம் கிலோமீட்டர் கல்லு வரும், அதுல நம்பர் குறைஞ்சுக்கிட்டே போகும், ஏன்னா டான்யூபைக் கடல்ல சேர்ற இடத்துலேருந்து எண்ணியிருக்காங்க. பாசாவ் 2226, வியன்னா 1929. எவ்வளவு மிச்சம்னு போனை எடுக்காமயே கணக்குப் போட்டுக்கலாம்.

கூட்டமா ஓட்டுற முறை

முன்னாடி போறவருக்கு வழி தெரியணும், கடைசியா வர்றவருக்கு ரிப்பேர் தெரியணும். ஒவ்வொரு திருப்பத்துலயும் முன்னாடி போறவர் நின்னு, கடைசி ஆள் கண்ணுல பட்டதும்தான் திரும்பணும். இது ஒண்ணைக் கடைப்பிடிச்சா யாரும் தொலைய மாட்டாங்க. கடைசியா வந்து சேர்றவர் வந்த உடனே மத்தவங்க கிளம்பிடாதீங்க, அவரும் மூச்சு வாங்கி தண்ணி குடிக்கட்டும். ரெண்டு சைக்கிளுக்கு நடுவுல ரெண்டு வண்டி நீளமாவது இடைவெளி. பாதை நடுவுல காரை மறிக்க நட்டு வச்ச கம்பம் திடீர்னு வரும், பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியாது, முன்னாடி இருக்கிறவர் "கம்பம்"னு சத்தமா சொல்லணும். நிக்கும்போது எல்லாரும் பாதையை விட்டு இறங்கி நில்லுங்க.

வண்டி வலது பக்கம் ஓடுற ஊரு. இடப்பக்கம் ஓட்டிப் பழகினவங்க ஓட்டும்போது சரியா ஓட்டிடுவாங்க, ஒரு பிரேக் எடுத்துட்டு மறுபடி கிளம்பும்போதுதான் மறந்து இடப்பக்கம் ஏறுவாங்க, ஒருத்தருக்கொருத்தர் ஞாபகப்படுத்திக்கோங்க. போர்டு எதுவும் இல்லாத சந்திப்புல வலப்பக்கத்துலேருந்து வர்ற வண்டிக்குத்தான் வழி. சைக்கிள் பாதை முடிஞ்சு ரோட்டுல ஏறும்போது நாமதான் நின்னு பாத்துப் போகணும். போனைக் கையில புடிச்சுட்டு ஓட்டினா ஃபைன். திராட்சைத் தோட்டத்துக்காரங்க கடையில வைன் குடிக்கிறவங்க சாயங்காலம் வண்டியைப் பூட்டினதுக்கு அப்புறம் குடிங்க, குடிச்சுட்டு சைக்கிள் ஓட்டுறதுக்கும் அங்க சட்டம் இருக்கு. எமர்ஜென்சி நம்பர் 112.

சாப்பாடு, தண்ணி

பசிக்கிறதுக்கு முன்னாடி சாப்பிடணும், தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடி குடிக்கணும். மணிக்கு அரை லிட்டர் தண்ணி, வெயில்னா இன்னும் கூட. குழாய்த் தண்ணி தைரியமாக் குடிக்கலாம், ரூம்லயே பாட்டிலை நிரப்பிக்கோங்க. பையில எப்பவும் வாழைப்பழம், பிரெட், கடலை மாதிரி ஏதாவது இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைங்க. கிராமத்து காஸ்ட்ஹோஃபுக்கு வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் லீவு உண்டு, கிச்சனும் ராத்திரி சீக்கிரம் மூடிடும், அதனால ரூம் புக் பண்ணும்போதே அன்னைக்குச் சாப்பாடு கிடைக்குமான்னு கேளுங்க.

சைவம் சாப்பிடுறவங்களுக்குக் கஷ்டம்தான், ஆனா பட்டினி இல்ல. சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லேங்கிற நூடுல்ஸ் மாதிரி அயிட்டம், உருளைக்கிழங்கு சாலட், ஆப்ரிகாட் உள்ள வச்ச கொழுக்கட்டை மாதிரி மாரில்லன்க்னோடல், பெரிய தட்டு நிறைய கைசர்ஷ்மார்ன்ங்கிற பிய்ச்சுப் போட்ட இனிப்புப் பேன்கேக் எல்லாம் கிடைக்கும். சூப்பை மட்டும் கேட்டுட்டு வாங்குங்க, தெளிஞ்ச சூப் பெரும்பாலும் மாட்டெலும்புத் தண்ணியில வச்சது, மேல மெனுவுல காய்கறி மாதிரிதான் தெரியும்.

யாருக்காவது முடியலைன்னா

இதுக்கும் பிளான் வேணும். லின்ஸ்க்கு அப்புறம் கரையோரமாவோ கிட்டத்துலயோ ரயில் இருக்கு, முடியாதவர் வண்டியோட ஏறி அடுத்த ஊர்ல காத்திருக்கலாம், அவர்கூட இன்னொருத்தரும் போயிடுங்க, தனியா அனுப்பாதீங்க. முதல் ரெண்டு நாள்ல மட்டும் ரயில் பாதை ஆத்தை விட்டுத் தள்ளிப் போகுது, அங்க சீசன்ல ஓடுற பயணிகள் கப்பலைப் பாத்து வைங்க, சைக்கிளையும் ஏத்திக்குவாங்க. வாகாவ்லயும் கப்பல் உண்டு.

திரும்பி வர்றது சுலபம். சைக்கிளை வியன்னால ஒப்படைச்சுட்டா வெறுங்கையோட ரயில், பாசாவுக்கு ரெண்டரை மணி நேரம் கிட்டதான். சைக்கிளோட திரும்பணும்னா எல்லா ரயில்லயும் ஏத்த மாட்டாங்க, ஏத்துற தூரப் பயண ரயில்ல சைக்கிளுக்குத் தனியா ரிசர்வ் பண்ணணும், ஒரு ரயில்ல சைக்கிளுக்கு இருக்கிற இடமே சில தான். அதனால ரூமைப் போடுற அன்னைக்கே இந்த டிக்கெட்டையும் போட்டுடுங்க, அஞ்சாறு சைக்கிளுக்கு ஒரே ரயில்ல இடம் இல்லைன்னா ரெண்டு ரயிலாப் பிரிஞ்சு போங்க. வியன்னால குறைஞ்சது ரெண்டு ராத்திரி வைங்க, வண்டியை விடுற கடை எத்தனை மணிக்கு மூடுதுன்னும் கேட்டு வச்சுக்கோங்க, கடைசி நாள் டுல்ன்லேருந்து லேட்டா வந்து சேர்ந்தா மறுநாள் காலைல விட்டுக்கலாம்.